கேக் அடுப்பைப் போட்டால் கரண்ட் போவது ஏன்?

நாகர்கோவில் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: கிறிஸ்துமஸ் கேக்குக்காகப் பரணிலிருந்து ஓ.டி.ஜி. அடுப்பை இறக்கி சுவிட்சைப் போட்டால் வீடே இருண்டுவிடுகிறதாம். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "ஆர்.சி.சி.பி. கோளாறு, டைரக்ட் கொடுத்திடலாம்" என்றாராம்.

ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. ஃபேஸில் போன கரண்ட் முழுதாக நியூட்ரலில் திரும்புகிறதா என்பதே அதன் ஒரே கவலை. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள் விழுந்தாக வேண்டும். 15-ஐத் தாண்டினாலே விழலாம் என்று தரநிலையும் இடம் கொடுக்கிறது.

கரண்ட் எங்கே கசிகிறது? அடுப்பின் எலிமென்ட்டில். குழாய்க்குள் ஒரு கம்பிச் சுருள். சுருளுக்கும் குழாய்க்கும் நடுவே இறுக அடைத்த வெள்ளைப் பொடி, மெக்னீசியம் ஆக்சைடு. சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. இந்த இரண்டும் சேர்ந்த மலிவான பொருள் அபூர்வம். ஒரே ஒரு கெட்ட குணம், ஈரம் குடிக்கும். ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிவதைப் போல, குழாயின் இரு முனைகள் வழியாக உள்ளே போகும் ஈரத்தில் இந்தப் பொடியும் நமத்துவிடும். பிறகு கரண்ட் குழாய்க்கும், அங்கிருந்து எர்த்துக்கும் ஓடும்.

ஃப்ரிட்ஜிலும் இதே கதைதான். நோ-ஃப்ராஸ்ட் ஃப்ரிட்ஜில் பனியை உருக்கும் ஹீட்டர் ஒன்று நாளுக்குச் சில முறை தானாக ஓடும். அது நமத்திருந்தால் பகலெல்லாம் ஒழுங்காக இருந்த ஃப்ரிட்ஜ் நடுராத்திரியில் ட்ரிப் அடிக்கும். பழி மட்டும் கம்ப்ரஸர் மேல்.

வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், கம்ப்யூட்டர் எல்லாமே நல்ல நிலையிலும் துளித்துளியாகக் கசிபவை. எல்லாம் ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் இருந்தால், நமத்த அடுப்பு கொஞ்சம் கசிந்தாலே போதும். சமையலறைக்கென்று தனி ஆர்.சி.சி.பி. போடுவது செலவுதான், ஆனால் அதுவே சரியான வைத்தியம்.

30-ஐக் கழற்றி 100 போடுவது வைத்தியமே அல்ல. அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தபோது, ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த பிடியை விட முடியாமல் போனது. 100 என்பது தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காக்க அல்ல. எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு அடுப்பைச் சூடாக்கிக் காயவைக்கும் தந்திரம் இன்னும் மோசம்; அந்த நேரம் முழுக்க அடுப்பின் தகரம் ஷாக் அடிக்கக் காத்திருக்கும்.

எலிமென்ட்டைக் கழற்றி 100 டிகிரிக்கு மேலான சூட்டில் சில மணி நேரம் உலர்த்தித் தரச் சொல்லலாம். அதற்குப் பிறகும் ட்ரிப் ஆனால் புது எலிமென்ட்தான்.