கண்ணில் பூ விழுந்தால்...

"அவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது" என்று நம் ஊர்ப் பக்கங்களில் சொல்லக் கேட்டிருப்போம். கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு பொட்டு, அல்லது புகை படிந்தாற்போல ஒரு மங்கல். பெயரில்தான் பூ இருக்கிறது. உண்மையில் அது ஒரு தழும்பு. பலர் இதைக் கண்புரை என்று நினைத்துக்கொண்டு, "வயசானா வர்றதுதானே, ஒரு ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்" என்று இருந்துவிடுகிறார்கள். கண்புரை கண்ணுக்கு உள்ளே இருக்கும் லென்ஸில் வருவது. பூ விழுவது கண்ணின் முன்புறத்திலுள்ள கருவிழியில். இரண்டும் வேறு, சிகிச்சையும் வேறு.

இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையிழப்புக்குக் கண்புரைக்கு அடுத்த காரணமாக வந்தது கருவிழித் தழும்பு. 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடையே அதுதான் முதல் காரணம். அதாவது, உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் இருப்பவர்களை இது தாக்குகிறது.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். வீடு தம்பானூரில், ஸ்டேஷனுக்குப் பக்கம். காலை வண்டிகளில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இறங்குபவர்களில் சிலர், கையில் மஞ்சள் பையும் பழைய சீட்டுகளுமாக, "ஐயா, கண் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்?" என்று தமிழில் விசாரிப்பார்கள். வழி சொல்லியும் சில சமயம் கூடவே போயும், டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்துகொண்டதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கண்ணின் ஜன்னல்

கருவிழி என்று சொன்னாலும் அது கறுப்பு அல்ல. கண்ணாடி போலத் தெளிவானது. அதன் பின்னால் இருக்கும் கருமையே நமக்குத் தெரிகிறது. ஆங்கில வைத்தியத்தில் இதைக் கார்னியா என்பார்கள். நடுவில் இதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் கண்ணுக்குள் வரும் ஒளியைக் குவிப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலையை இதுவே செய்கிறது. இதில் ரத்தக் குழாய்கள் கிடையாது. பிராணவாயுவைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

மேல் தோலில் மட்டும் கீறல் பட்டால் இரண்டு மூன்று நாளில் வடுவில்லாமல் ஆறிவிடும். அதற்கு அடியில் மெல்லிய நார்கள், ஸ்லீப்பர் கட்டைகளைப் போல ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒழுங்குதான் ஒளியை உள்ளே விடுகிறது. காயமோ புண்ணோ அதுவரை இறங்கினால், ஆறும்போது நார்கள் தாறுமாறாக முளைக்கும். அதுவே பூ.

கடைசி அடுக்கில் உள்ள செல்கள் நீரை இறைத்து வெளியேற்றும் பம்பு போன்றவை. வடிகால் அடைத்துக்கொண்ட பாதையில் ஜல்லி சேறாகிப் போவதை எங்கள் துறையில் பார்த்திருக்கிறோம். இங்கேயும் அதே கதைதான். அந்தச் செல்கள் பெருமளவில் அழிந்தால் கருவிழி நீர் கோத்து வீங்கி மங்கிவிடும். அழிந்த செல்கள் மறுபடி பெருகுவதில்லை.

சின்னக் காயம், பெரிய தழும்பு

நான் பணியில் இருந்தபோது எங்கள் கேங்கில் ஒருவர், துருப்பிடித்த ஃபிஷ்பிளேட் போல்ட்டை உளி வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். இரும்புத் துணுக்கு ஒன்று கண்ணில் தெறித்தது. "ஒண்ணுமில்ல சார், தூசிதான்" என்று வேலையைத் தொடர்ந்தார். அன்று மாலை வேறொருவர் வேட்டி நுனியால் அதை எடுத்துவிட்டிருக்கிறார். மறுநாள் யாரோ சொன்ன பச்சிலைச் சாறு. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கண்ணின் நடுவில் சீழ்ப்புண். புண் ஆறியது, பூ நின்றுவிட்டது. மெடிக்கல் டீ-கேட்டகரி ஆகி, லைனில் ராஜாவாக நடந்த மனிதர் வெயிட்டிங் ரூமில் பணியாளரானார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

இது அவர் ஒருவரின் கதை மட்டுமல்ல. மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், 1 லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது தெரிந்தது. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைவிட இது 10 மடங்கு அதிகம். 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் புண்ணோடு வந்த 434 பேரில் 284 பேர், முதலில் கண்ணில் அடிபட்டதைச் சொன்னார்கள். நெல் சுணை, வைக்கோல், முள், மாட்டு வால் என்று வயல்காட்டில் படுவதெல்லாம் இதில் அடங்கும். செடி கொடியால் பட்ட காயத்தில் பூஞ்சைக் காளான் புகுந்துவிடும். அதை ஆற்றுவது மிகக் கடினம்.

ஆனால் தடுப்பது அத்தனை கடினமல்ல என்பதுதான் நல்ல செய்தி. நேபாளத்தில் பக்தபூர் பகுதியில், கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் கிராமத் தொண்டர்கள் மூலம் சாதாரண ஆன்டிபயாடிக் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. இந்த முடிவு 2001இல் வெளியானது. பிறகு மதுரை வட்டாரக் கிராமங்களிலும் இதே முறையில் நல்ல பலன் கிடைத்தது. பார்வை போவதும் நிலைப்பதும் முதல் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே கண்ணில் ஏதாவது பட்டால் கசக்க வேண்டாம். சாதாரணத் தூசியானால் சுத்தமான தண்ணீரில் கழுவலாம். குத்தி நிற்கும் இரும்போ முள்ளோ ஆனால் தொடாமல், கழுவாமல், அழுத்தம் படாதபடி மூடி, டாக்டரிடம் போய்விட வேண்டும். தாய்ப்பால், பச்சிலைச் சாறு, நாக்கால் தூசி எடுப்பது எல்லாமே கிருமியை உள்ளே கொண்டுபோகும் வழிகள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்திலும் எச்சரிக்கை தேவை. ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பை உடனே குறைத்து ஆறுதல் தரும். உள்ளே காளான் இருந்தால் அது மேலும் பரவ வழிசெய்யும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு

சாலைக் கடைத்தெருவில் வெற்றிலையோடு சுண்ணாம்பும் வாங்கி வந்து கூடத்தில் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. குழந்தைகள் சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்தி விளையாடும்போது அது பீறிட்டுக் கண்ணில் அடிக்கும். சுண்ணாம்பு கருவிழியைத் துளைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால், குழாயைத் திறந்துவிட்டு இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவுங்கள். அழுதாலும் விடாதீர்கள். டாய்லெட் கழுவும் ஆசிட்டுக்கும் இதே முதலுதவிதான்.

தழும்பை நீக்க முடியுமா?

மேலாக உள்ள மங்கலை லேசர் கொண்டு சீவி எடுக்கலாம். மேடுபள்ளமான கருவிழிக்குக் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் உதவும். ஆழமான தழும்புக்கு இன்னொரு மனிதரின் கருவிழியே மருந்து. 

1905 டிசம்பர் 7ஆம் தேதி, இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலமோட்ஸ் நகரில் டாக்டர் எட்வர்ட் சிர்ம் இதை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தார். பெற்றுக்கொண்ட தொழிலாளியின் கண்கள் கெட்டது சுண்ணாம்பால். கருவிழி தந்தது, இரும்புத் துணுக்கால் பார்வை போன ஒரு சிறுவனின் கண். சுண்ணாம்பும் இரும்பும்தான் அங்கேயும்! இந்தியாவின் முதல் கண் வங்கியை 1945இல் சென்னை எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியில் தொடங்கியவர் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா என்பது நமக்கெல்லாம் பெருமை.

முன்பெல்லாம் முழுக் கனத்தையும் வட்டமாக வெட்டி மாற்றி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். இப்போது கெட்டுப்போன அடுக்கை மட்டும் மாற்றவும் முடிகிறது. ஆபரேஷனோடு வேலை முடிந்துவிடாது. பல மாதங்கள் சொட்டு மருந்து விட வேண்டும். கண் சிவந்தாலோ, கூசினாலோ, வலித்தாலோ, பார்வை குறைந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். புதிய கருவிழியை உடல் நிராகரிப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

ஆறு மணி நேரம்

இறந்தபின் சுமார் 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டும். வெளியூர்களில் வாழும் நம் குடும்பங்கள் இடறி விழுவது இங்கேதான்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் விடியற்காலையில் காலமானார். ஒரு மகன் வளைகுடாவில், இன்னொருவர் பெங்களூரில். நான் அன்று ஊரில் இல்லை. கண் தானம் பற்றி யாரோ எடுத்துச் சொன்னபோது அந்த அம்மா, "பெரியவன் வரட்டும், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றார்களாம். கணவரை இழந்த நேரத்தில் அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? உடலைக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். பெரியவர் வந்து சேர்ந்தது மறுநாள் மாலை. காரியமெல்லாம் முடிந்தபின் டைரியைப் புரட்டியபோது, ஆசிரியர் கையெழுத்திட்ட கண் தான அட்டை கிடைத்தது. மகன் என்னிடம் காட்டி, "மாமா, போன்ல கேட்டிருந்தாகூட சரின்னு சொல்லியிருப்பேனே" என்று கலங்கினார்.

எடுத்த கண்ணை மருந்து நீரில் வைத்துச் சில நாட்கள் காக்கலாம். நாடு விட்டு நாடும் அனுப்பலாம். இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கம், 1964இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. பிறகு அங்கிருந்து எத்தனையோ நாடுகளுக்குக் கண்கள் போயின. ஆனால் எடுக்காத கண் பிள்ளைகளின் விமானம் வரும்வரை காத்திருக்காது.

அட்டையில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. இறந்தபின் சம்மதம் தந்து கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டியவர்கள் வீட்டார்தான். அட்டை இல்லாதவரின் கண்களையும் வீட்டார் சம்மதித்தால் கொடுக்கலாம். கண் வங்கிக்காரர்கள் வரும்வரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். அரை மணிக்குள் வேலை முடிந்துவிடும். முகம் விகாரப்படாது. வயது தடையல்ல. கண்ணாடி போட்டவர்கள், சர்க்கரை நோயுள்ளவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லோரும் கொடுக்கலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்று போன்றவை இருந்தால் எடுக்கமாட்டார்கள்.

கண்ணப்ப நாயனார் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் நாம். அவர் உயிரோடு இருக்கும்போது செய்ததை யாரும் நம்மிடம் கேட்கவில்லை. எரிந்தோ மண்ணிலோ போகப்போவதைத்தான் கேட்கிறார்கள்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண் தான இருவாரம். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் போனில் பேசும்போது, "எனக்கு ஏதாவது ஆனால் உனக்காகக் காத்திருக்காமல் கண்ணைக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அம்மாவும் அப்பாவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். நம் ஊர் கண் வங்கியின் எண்ணைக் கேட்டு வாங்கி, கேஸ் சிலிண்டர் எண் ஒட்டியிருக்கும் இடத்திலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.