தரை டைல்ஸ் முதலா, ஸ்கர்ட்டிங் முதலா? வேலை வரிசை தெரிந்தால் செலவு மிச்சம்!

புது வீட்டில் தரை போடும் கட்டம் வந்துவிட்டாலே வீடு பாதி முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வரும். ஆனால், கையிருப்பு கரைந்து, குடிபோகும் தேதியும் நெருங்கி, டைல்ஸ்காரரும் பெயின்டரும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும் நேரமும் அதுதான். எந்த வேலை முதலில் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். 'ஸ்கர்ட்டிங்கை அப்புறம் பாத்துக்கலாம் சார்' என்பது அதில் அடிக்கடி காதில் விழும் பதில். அந்த 'அப்புறம்'தான் பல வீடுகளில் கூடுதல் செலவாக வந்து சேருகிறது.

ஸ்கர்ட்டிங் எதற்கு?

சுவரும் தரையும் சேரும் இடத்தில், சுவரின் அடியில் ஒட்டப்படும் பட்டைதான் ஸ்கர்ட்டிங். பெரும்பாலும் 4 அங்குல உயரம் இருக்கும். இது வெறும் அழகுக்கு அல்ல. நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறோம். ஈர மாப் தினமும் சுவரில் பட்டால் பெயின்ட் கறுக்கும், பட்டி உரிந்து வரும். ஸ்கர்ட்டிங் அதைத் தடுக்கிறது.

இன்னொரு வேலையும் இதற்கு உண்டு. தரை டைல்ஸைச் சுவரோடு முட்டும்படி ஒட்டக் கூடாது. வெப்பத்தில் விரிவதற்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியையும், டைல்ஸின் வெட்டிய விளிம்பையும் ஸ்கர்ட்டிங்தான் மறைக்கிறது. இடைவெளியே விடாமல் கலவையை அடைத்துவிடுவது, பின்னாளில் தரை டைல்ஸ் திடீரென்று மேலெழும்புவதற்கு ஒரு காரணம்.

சரியான வரிசை என்ன?

மறைக்கும் பொருள் கடைசியில் வர வேண்டும். இதுதான் அடிப்படை. அதன்படி பார்த்தால் வேலை இப்படிப் போகும்:

1. சுவருக்குள் போகும் மின்சாரக் குழாய், தண்ணீர்க் குழாய் வேலைகள். கதவு நிலை பொருத்துவது.

2. சுவர்ப் பூச்சு. அது நன்றாக நீராற்றிக் காய்ந்த பிறகு பட்டி, பிரைமர், முதல் கோட் பெயின்ட்.

3. தரை டைல்ஸ்.

4. தரை இறுகியதும் அதன் மேல் உட்காரும்படி ஸ்கர்ட்டிங். தரையின் இணைப்புக் கோடும் ஸ்கர்ட்டிங்கின் இணைப்பும் ஒரே நேராக வந்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

5. இணைப்புகளை அடைப்பது, கதவு மாட்டுவது, கடைசி கோட் பெயின்ட்.

கடைசி கோட் பெயின்டையும் முன்பே அடித்துவிட்டால், ஸ்கர்ட்டிங் ஒட்டும்போது சிதறும் கலவையும் கட்டிங் மெஷின் தூசியும் சுவரைப் பாழாக்கும். பெயின்டரை மறுபடி கூப்பிட வேண்டும். அதற்குக் கூலி யார் தருவது என்ற பேச்சும் வரும். கதவையும் முன்பே மாட்டினால், தரை உயர்ந்த பிறகு அடியில் உரசும். கழற்றி இழைக்க வேண்டியிருக்கும்.

கார்ப்பெட் என்றால் மாறும்

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் அறை முழுக்கக் கார்ப்பெட் விரிக்கும் வீடுகள் உண்டு. அங்கே வரிசை நேர்மாறு. மரப்பட்டையை முதலில், தரையிலிருந்து சற்றே உயர்த்தி அடிப்பார்கள். பிறகு கார்ப்பெட்டை விரித்து, ஓரத்தை அந்த இடைவெளியில் செருகிவிடுவார்கள். கார்ப்பெட் வளையும், அதனால் இது முடிகிறது. பழையதை மாற்றும்போது மரப்பட்டையைக் கழற்றவும் தேவையில்லை. டைல்ஸோ, மரத்தரையோ வளையாது. அதனால்தான் அவற்றுக்குத் தரை முதலில், பட்டை பிறகு.

ஒட்டுவது கடைசி, முடிவு முதலில்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்கர்ட்டிங் சுவரை விட்டு வெளியே துருத்தினால் அதன் மேல் தூசி படியும். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட முடியாது. சுவரோடு சமமாக வேண்டும் என்றால், பூச்சு வேலையின்போதே அடிப்பகுதியைப் பூசாமல் விடச் சொல்ல வேண்டும். கலவை 2 அங்குலம், டைல்ஸ் அரை அங்குலத்துக்குள், ஸ்கர்ட்டிங் 4 அங்குலம் என்றால், கான்கிரீட் தரையிலிருந்து சுமார் ஆறரை அங்குலம். பூசி முடித்த பிறகு கேட்டால், பூச்சைக் கொத்தி எடுப்பதுதான் வழி.

டைல்ஸ் வாங்கும்போதும் இதே கதைதான். 12க்கு 10 அடி அறைக்கு 120 சதுர அடி. 2க்கு 2 அடி டைல்ஸ் 30 போதும் என்று கணக்குப் போடுவோம். அதே டைல்ஸை வெட்டி ஸ்கர்ட்டிங் போடுவதென்றால், சுற்றளவு 44 அடி. வாசலுக்கு 3 அடி போனால் 41 அடி. 2 அடி நீளத்தில் 21 துண்டுகள் வேண்டும். ஒரு டைல்ஸில் 5 துண்டு என்று வைத்தால் இன்னும் 5 டைல்ஸ். சேதாரத்துக்கு மூன்று சேர்த்தால் 38. ஒரு பெட்டிக்கு 4 என்றால் 10 பெட்டிகள். பற்றவில்லை என்று ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனால், அதே மாடல் கிடைத்தாலும் வேறு பேட்ச் ஆக இருக்கலாம். நிறம் லேசாக மாறும். தரைக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் நிறம் மாறினால் கண்ணை உறுத்தும். பெட்டியின் மேல் உள்ள பேட்ச் எண்ணைப் பார்த்து மொத்தமாக வாங்குங்கள்.

கூலி பேசும்போதும் கவனம் தேவை. தரைக்குச் சதுர அடிக் கணக்கு. ஸ்கர்ட்டிங்குக்குப் பெரும்பாலும் நீள அடிக் கணக்கு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, வேலை தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு மேஸ்திரி, டைல்ஸ்காரர், பெயின்டர் மூவரையும் ஒரு நாள் ஒரே இடத்தில் நிற்க வைத்துப் பேசினால், 'அது என் வேலை இல்ல சார்' என்ற பேச்சுக்கே இடமிருக்காது.