மாற்றுத்திறனுடைய மாணவரும் நமது வகுப்பறையும்

மாணவர்களே! குடியியற் கல்வி, தமிழ்க் கட்டுரை ஆகிய இரண்டுக்கும் பயன்படும் விடயம் இது. மனனம் செய்யாது, விளங்கிப் படியுங்கள்.

1. குறைபாடும் இயலாமையும்

இவை இரண்டும் ஒன்றல்ல. உடலிலோ புலன்களிலோ காணப்படும் குறை ‘குறைபாடு’ எனப்படும். அதனுடன் சூழலிலுள்ள தடைகளும் சேரும்போதே ‘இயலாமை’ உருவாகின்றது.

தோட்டத்தின் மேட்டு லயத்தில் வசிக்கும் மாணவி ஒருத்தி ஊன்றுகோலுடன் நடக்கிறாள் என வைத்துக்கொள்வோம். பாடசாலையோ பள்ளத்தில் உள்ளது. இடையில் தேயிலை மலையூடாகச் செல்லும் ஒற்றையடிப் பாதையும், மழையில் வழுக்கும் கற்படிகளும் இருக்கின்றன. அவள் மழைக்காலத்தில் பாடசாலைக்கு வராததற்குக் கால் மட்டுமா காரணம்? படிகளில் கைபிடிக் கம்பி இருந்தால், கூடவே இரு தோழிகள் நடந்தால் அவள் வருவாள். வந்தபின் பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்தால் மீண்டும் நின்றுவிடுவாள். பாதையைப் போலவே நமது வாயும் தடையாகலாம் என்பதை மறவாதீர்கள்.

2. நினைவிற்கொள்ள வேண்டியவை

• 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் 5 வயதும் அதற்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதேனும் ஒரு சிரமத்தை உடையவர்கள்.
• 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம்: இயலாமையைக் காரணம் காட்டித் தொழிலிலோ கல்வி நிறுவன அனுமதியிலோ பாரபட்சம் காட்டலாகாது.
• ஐக்கிய நாடுகள் சமவாயம் (2006): இலங்கை 2007 இல் கைச்சாத்திட்டு, 2016 இல் ஏற்புறுதி செய்தது. உறுப்புரை 24 கல்வி உரிமையைக் கூறுகிறது. சிறுவயது முதலே எல்லாப் பிள்ளைகளிடமும் இவ்வுரிமைகளை மதிக்கும் மனப்பாங்கை வளர்க்க வேண்டும் என உறுப்புரை 8 வலியுறுத்துகிறது.
• டிசம்பர் 3: சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம்.

3. நீங்கள் செய்யக்கூடியவை

• ‘நொண்டி’, ‘செவிடு’ என அழையாது, பெயர் சொல்லி அழையுங்கள்.
• உதவுமுன் “உதவி வேண்டுமா?” எனக் கேளுங்கள். பார்வையற்றவரைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளட்டும்.
• செவிப்புலன் குறைந்தவருடன் முகத்துக்கு நேரே நின்று, தெளிவாகப் பேசுங்கள்.
• கரும்பலகை சரியாகத் தெரியாதவருக்கு முன்வரிசையை விட்டுக்கொடுங்கள்.
• விளையாட்டிலும் கலைவிழாவிலும் இடமளியுங்கள். டோக்கியோ பராலிம்பிக் போட்டியில் (2021) இலங்கையின் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து, உலக சாதனையுடன் தங்கப்பதக்கம் வென்றார். வாய்ப்புக் கிடைத்தால் திறமை வெளிப்படும் என்பதற்கு இது தக்க சான்று.

4. விடை எழுதும்போது

“இவர்கள்மீது இரக்கம் காட்டுவோம்” என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். இரக்கம் நாம் விரும்பினால் கொடுப்பது. உரிமையோ அவருக்கு ஏற்கெனவே உரியது. சட்டம் பாடசாலைக் கதவைத் திறந்து வைக்கும். திறந்த கதவால் வந்த பிள்ளை வகுப்பில் நிலைத்திருப்பது பக்கத்து வாங்கில் இருக்கும் உங்கள் கையில்தான் உள்ளது.

பயிற்சி வினா: உமது பாடசாலையில் மாற்றுத்திறனுடைய மாணவர் எதிர்நோக்கக்கூடிய தடைகள் மூன்றைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றையும் நீக்க மாணவர் செய்யக்கூடியது யாதென விளக்குக.