விமானம் இறங்காத தீவு

கப்பலின் பின்கதவு பெருஞ்சத்தத்தோடு இறங்கியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. "அக்கா, இந்நேரத்துக்கு இங்க யாரு நிக்கப்போறா?" என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கிப் பார்த்தால், துறைமுக விளக்கடியில் ஏழெட்டுப் பேர் கையில் அட்டையோடு நின்றிருந்தார்கள். அட்டையில் 'டொமாட்டியா' என்று எழுதியிருந்தது. கிரேக்க மொழியில் 'அறைகள்' என்று அர்த்தம். அவர்களில் வயதான ஓர் அம்மா, அட்டையின் பின்பக்கம் 40 என்று எழுதிக் காட்டினார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 40 யூரோ. சின்ன அடுப்பு, ஃபிரிட்ஜ், கடல் பார்த்த ஜன்னல். நாங்கள் பார்த்தது செப்டம்பர் கடைசியின் வாடகை. ஆகஸ்டில் அதே அறையை அந்த விலைக்கு எதிர்பார்க்க முடியாது.

அந்தத் தீவு அமோர்கோஸ். ஈஜியன் கடலில் சிக்லடீஸ் தீவுக்கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில், நீளவாக்கில் கிடக்கும் மலைத்தீவு. மக்கள்தொகை சுமார் 2,000. நம்மவர்கள் கிரீஸ் என்றதும் நினைக்கும் சாண்டோரினிக்கும் மிக்கனோஸுக்கும் விமான நிலையம் உண்டு. அமோர்கோஸுக்குக் கிடையாது. கப்பல் ஒன்றுதான் வழி. அங்கே கூட்டம் குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

செலவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். இவற்றில் பைசா குறையாது. குறைக்க முடிந்தவை நாலு: மாதம், கப்பல், அறை, சாப்பாடு.

மாதம்: ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். விலை உச்சத்தில் இருக்கும். 'மெல்டெமி' என்ற வடகாற்றும் அந்த இரண்டு மாதங்களில்தான் பலமாக அடிக்கும். மே கடைசி, ஜூன், செப்டம்பர் நல்லவை. செப்டம்பரில் கடல்நீர் இதமாக இருக்கும்.

கப்பல்: ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு எக்ஸ்96 பேருந்து இரவும் பகலும் ஓடுகிறது. மெட்ரோவைவிட மலிவு. அங்கிருந்து அதிவேகக் கப்பலும் உண்டு, பெரிய சாதாரணக் கப்பலும் உண்டு. சாதாரணக் கப்பலில் ஏறக்குறைய எட்டு மணி நேரமாகும், ஆனால் டிக்கெட் விலை வெகுவாகக் குறையும். மேல்தளத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தீவாக வந்துபோவதைப் பார்த்தோம். எங்களுக்குப் பயணம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அறை: சின்ன விடுதிகளில் சமையல் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வாடகைக்கு மேல் ஒவ்வோர் இரவுக்கும் அரசு வரி உண்டு. ஹோட்டலின் நட்சத்திரம் கூடக்கூட வரியும் கூடும்.

சாப்பாடு: சைவர்கள் பயப்பட வேண்டாம். 'ஃபாவா' என்று கேட்டால், மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, பச்சை வெங்காயம் தூவித் தருவார்கள். நம் வீட்டுக் கடைந்த பருப்புக்கு நெருங்கிய சொந்தம். 'ஹோர்த்தா' என்பது எலுமிச்சை பிழிந்த வெந்த கீரை. இன்னொரு சொல்லையும் மனதில் வையுங்கள்: 'நிஸ்தீசிமோ'. கிரேக்கக் கிறிஸ்தவர்களின் நோன்புச் சாப்பாடு அது. இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் நோன்பில் சேர்த்தி, அதனால் கேட்டே வாங்குங்கள்.

பார்க்க வேண்டியது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஹொசோவியோத்திசா மடத்தைச் சொல்வேன். கடலிலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையோடு ஒட்டிக்கிடக்கும் வெள்ளைக் கட்டடம். 1088-இல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் கொம்னேனோஸின் ஆதரவைப் பெற்றது. மிக அகலமான இடத்திலேயே ஐந்து மீட்டர்தான். வாசல் தாழ்வு, தலை குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசிய சுவர், மறுபக்கம் மலைப்பாறையே சுவர். பாறையில் உள்ளங்கையை வைத்தேன், சில்லென்றிருந்தது. வருகிறவர்களுக்கு ஒரு தம்ளர் தண்ணீரும் சர்க்கரை தூவிய 'லுக்கூமி' மிட்டாயும் தேன் கலந்த சாராயமும் கொடுப்பது அங்குள்ள வழக்கம். நாங்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். ஆண்களுக்கு முழுக்கால் சட்டை, பெண்களுக்குக் கால் மறைக்கும் பாவாடை கட்டாயம். சேலை கட்டிப் போனதால் எங்களுக்குச் சிக்கலில்லை. மதியத்தில் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

மடத்துக்குக் கீழே வரை பேருந்து வரும். திரும்பும்போது மலைமேல் இருக்கும் ஹோரா ஊரிலிருந்து கட்டாபோலா துறைமுகத்துக்குப் பழைய கல்பாதையில் நடந்தே இறங்கினோம். வழியெல்லாம் ஆட்டுமணிச் சத்தம். அந்த ஒரு மணி நேர நடைக்குக் காசு ஏதுமில்லை, ஆனால் அந்தப் பயணத்தில் என் மனசில் நிற்பது அதுதான்.

கடைசியாக ஒன்று. காற்று பலமானால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். எங்கள் கப்பலும் ஒரு நாள் நின்றது. முன்யோசனையாக ஏதென்ஸில் ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்ததால் விமானத்தைத் தவறவிடவில்லை. விமானம் இறங்காத தீவுக்குப் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டைப் போடுமுன் அந்த ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.