ஆறுகளைப் பெற்ற மலையில் ஒரு குளம்

நந்தி மலைக்குச் சூரிய உதயம் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. தண்ணீரைப் பார்க்கத்தான் ஆளில்லை.

பொழுது புலர இன்னும் நேரமிருக்கிறது. பெங்களூரிலிருந்து வடக்கே சுமார் 60 கிமீ தூரத்தில், நந்தி மலைப் பாதையில் கார்களும் மோட்டார் பைக்குகளும் வரிசைகட்டி நிற்கின்றன. விடுமுறை நாள் என்றால் இதுதான் காட்சி. கதவு திறந்ததும் 1,478 மீட்டர் உயர உச்சியை நோக்கி ஓட்டம். மேகத்துக்கு மேலே சூரியன் எழுவதைக் கேமராவில் பிடித்தாயிற்று. கைதிகளைத் தள்ளிவிட்டதாகக் கதை சொல்லப்படும் 'திப்பு டிராப்' பாறையை எட்டிப் பார்த்தாயிற்று. சூடாக ஒரு டீ. ஒன்பது மணிக்குள் பாதிப் பேர் இறங்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அமிர்த சரோவர் பக்கம் வருபவர்கள் சிலர்தான். ஏரி என்று சொல்வது மரியாதைக்குத்தான். உண்மையில் அது நாலாபுறமும் கல் படிகள் இறங்கும் ஒரு குளம். ஊற்று நீரில் நிறைகிறது. பச்சை நிறத்தில், அசையாமல் கிடக்கிறது.

ஆனால் இந்த மலையின் சரித்திரமே தண்ணீரை நம்பித்தான் நடந்திருக்கிறது. ஹைதரும் திப்புவும் இங்கே கோட்டையைப் பலப்படுத்தினார்கள். 1791 அக்டோபரில் கார்ன்வாலிஸின் படை மூன்று வார முற்றுகைக்குப் பிறகே அதைப் பிடித்தது. உச்சியில் தண்ணீர் இல்லாத கோட்டை மூன்று நாள் தாங்காது. பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள் கோடைக்கு பங்களா கட்டினார்கள். உடல்நலம் குன்றிய காந்தி 1927-லும் 1936-லும் இங்கே வந்து தங்கி ஓய்வெடுத்தார். 1986-ல் பெங்களூரில் சார்க் மாநாடு நடந்தபோது தலைவர்கள் இங்கே வந்து பேசினார்கள்.

தமிழர்கள் இந்த மலையைக் கவனிக்க வேறு காரணம் இருக்கிறது. நம் பாலாறும் தென்பெண்ணையும் இந்த மலைத்தொடரில்தான் பிறக்கின்றன. ஆந்திரத்துக்குப் போகும் வடபெண்ணை, சித்ராவதி, பாபாக்னி ஆகியவற்றுக்கும், காவிரியில் கலக்கும் அர்க்காவதிக்கும் தாய்வீடு இதுவே. அடிவாரத்தில், 9-ம் நூற்றாண்டில் தொடங்கிய போக நந்தீஸ்வரர் கோயிலில் அருணாசலேஸ்வரருக்கும் சந்நிதி உண்டு. அங்குள்ள சிருங்கி தீர்த்தம்தான் தென்பெண்ணையின் பிறப்பிடம் என்பது உள்ளூர் நம்பிக்கை. கன்னடர்களுக்கு அது தட்சிண பினாகினி. திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணையை நிரப்பும் ஆறு, அண்ணாமலையார் பெயர் கொண்ட இன்னொரு சந்நிதியின் நிழலில் புறப்படுகிறது.

ஆறு என்றதும் ஒரு குளத்திலிருந்து குபுகுபுவென்று கிளம்புவதாக நினைக்கக் கூடாது. மலைமேல் பெய்யும் மழை பாறை வெடிப்புகளில் இறங்கி ஊற்றாகக் கசிகிறது. ஓடைகள் கீழே உள்ள ஏரியை நிரப்புகின்றன. அது வழிந்தால் அடுத்த ஏரி. இந்தச் சங்கிலிதான் மழை நின்ற பிறகும் ஆற்றில் நீரோட்டத்தைக் காப்பாற்றி வந்தது.

சங்கிலி இப்போது பல இடங்களில் அறுந்து கிடக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே போய்விட்டன. வயல்களில் தைல மரங்கள். நந்தியைச் சுற்றியுள்ள குன்றுகளைக் கல் குவாரிகள் தின்கின்றன. 2021 பிப்ரவரியில் சிக்கபள்ளாபூர் அருகே ஹிரேநாகவள்ளியில் ஜெலட்டின் குச்சிகள் வெடித்து 6 பேர் இறந்தார்கள். 2008-ல் தேவனஹள்ளியில் விமான நிலையம் வந்த பிறகு மனைகள் மலையை நோக்கி நகர்கின்றன. 2021 ஆகஸ்டில் மண் சரிந்து மலைப் பாதையே துண்டிக்கப்பட்டது. இதற்கிடையே, ரோப் கார் திட்டத்துக்கு 2023-ல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். கூட்டம் இன்னும் பெருகும்.

விளைவை முதலில் அனுபவித்தது பெங்களூர்தான். நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் முதலில் வந்தது அர்க்காவதியின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து, 1890-களில். அது போதாமல் 1933-ல் அதே ஆற்றில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. அர்க்காவதி வறண்டு, அசுத்தமும் சேர, இன்று சுமார் 100 கிமீ தூரத்திலிருந்து காவிரியை மேட்டுக்கு ஏற்றிக் குடிக்கிறது நகரம். தென்பெண்ணை பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு ஓசூர் வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் எழுவது அதனால்தான். பாலாற்றுக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே கண்டித்துத் தீர்ப்பளித்தது. மணலையும் நாம்தான் அள்ளினோம்.

வேடிக்கை இதோடு முடியவில்லை. ஆறுகளைப் பெற்ற சிக்கபள்ளாபூர், கோலார் மாவட்டங்கள் இப்போது தண்ணீருக்குக் கையேந்துகின்றன. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் எத்தினஹொளே திட்டத்துக்கு மதிப்பீடு ரூ. 23,000 கோடிக்கு மேல். அதன் முதல் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. நந்தி மலையில் விழும் மழையைத் தங்கவைக்க இதில் ஒரு சிறு பங்கு செலவழித்தாலே புண்ணியம்.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 2021 நவம்பரில் மழை கொட்டியபோது பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. பாலங்களில் நின்று ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். வழி மறந்துபோகவில்லை ஆற்றுக்கு. வழியை மறித்தவர்கள்தான் மறந்துவிட்டார்கள்.

வெயில் ஏறிவிட்டது. அமிர்த சரோவரின் கரையில் வேலூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று நிற்கிறது. பையனுக்குப் பத்து வயது இருக்கும்.

"பாலாறு இங்கதான் பொறக்குதாம்மா?"

"இந்த மலைப் பக்கம்தான்னு சொல்றாங்க."

பையன் குளத்தை உற்றுப் பார்க்கிறான். "நம்ம ஊர் ஆத்துல இவ்வளவு தண்ணிகூட இல்லியேம்மா."

அம்மா பதில் சொல்லவில்லை. அவன் கையில் இருந்த காலி தண்ணீர் பாட்டிலை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறார்.