வைரஸ் செய்து பார்த்த மாணவர்

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை, "அடுத்தவன் மெஷினுக்குள் எப்படி நுழைவது?" என்று கேட்டால் வீட்டில் பெரியவர்கள் பதறுவது சகஜம். பூட்டுத் தொழில் படிக்கப் போனவன் திருட்டைக் கற்றுக்கொண்டு வருவானோ என்கிற பயம். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இந்தப் பயம் இல்லாமல் இல்லை. அப்படிப்பட்ட பெற்றோர் ஃபிரெட் கோஹனின் கதையை அறிந்துகொள்வது நல்லது.

1983-ஆம் ஆண்டில் கோஹன், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மாணவர். கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி வாரம் ஒருமுறை நடந்த வகுப்பில் அவருக்கு ஆசிரியர் லென் ஏடல்மன். ரகசியச் செய்திகளைக் காக்கும் பிரபலமான முறையை 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர் ஆகியோருடன் சேர்ந்து கண்டவர் அவர்.

நவம்பர் 3-ஆம் தேதி கோஹனுக்கு ஒரு யோசனை உதித்தது. ஒரு புரோகிராம் தன் நகலை இன்னொரு புரோகிராமுக்குள் செருகிவிட்டால், அது போகும் இடமெல்லாம் இதுவும் போகுமே! இதற்கு "வைரஸ்" என்று பெயர் வைத்தவர் ஏடல்மன். வைத்தியம் படித்தவர்கள் மெச்சும் பெயர்தான். தனித்துப் பெருக வழியில்லாமல் பிறருடைய செல்லுக்குள் புகுந்து, அதைக்கொண்டே தன் நகல்களைச் செய்வித்துக்கொள்வதுதானே வைரஸின் பிழைப்பு.

ஆசிரியர் மாணவரை விரட்டவில்லை. முறைப்படி அனுமதி பெறப்பட்டது. எட்டு மணி நேர உழைப்பில் புரோகிராம் தயார். பலர் சேர்ந்து உபயோகித்த வாக்ஸ் கம்ப்யூட்டரில், ஃபைல்களைப் படமாகக் காட்டும் ஒரு பயனுள்ள புரோகிராமுக்குள் அது ஒளித்துவைக்கப்பட்டது. கோஹன் எடுத்துக்கொண்ட ஜாக்கிரதையைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தொற்றும் அவர் கையால் அனுமதித்த பிறகே நடந்தது, எதுவும் சேதமாகவில்லை, தடம் காட்டும் ஏற்பாடும் இருந்தது. அம்மை குத்துகிறவர் கிருமியை அளந்து கையாள்வதைப்போல.

ஐந்து முறை சோதித்தார். ஐந்திலும் ஒரு மணி நேரத்துக்குள் மெஷின் முழுவதும் அவர் வசமானது; ஒருமுறை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சோதனை நடப்பது தெரிந்திருந்தவர்களும் தப்பவில்லை! நவம்பர் 10-ஆம் தேதி வகுப்பில் செய்து காட்டினார். முடிவைக் கேட்ட நிர்வாகிகள், இனி இத்தகைய சோதனையே கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பரிசோதனையில் நோய் தெரிந்ததும் பரிசோதனைச்சாலையை மூடிவிட்ட கதை.

கோஹன் விடவில்லை. 1986-இல் இதே விஷயத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். எல்லா வைரஸையும் தவறாமல் கண்டுபிடித்துவிடும் புரோகிராம் ஒன்றை எழுதவே முடியாது என்று கணித முறையில் நிரூபித்தார்.

1988 நவம்பர் 2-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் யாரையும் கேட்காமல் ஒரு புரோகிராமை வலையில் விட்டார். அது நினைத்ததற்கு மேல் பெருகி, ஆயிரக்கணக்கான மெஷின்கள் திணறின. கோர்ட்டில் அவருக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூகசேவை, பத்தாயிரம் டாலருக்குமேல் அபராதம். அவரும் பின்னாளில் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார் என்பது வேறு விஷயம்.

கோஹன் பிற்காலத்தில் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, கல்லூரிப் பிள்ளைகளை அழைத்துவந்து கம்ப்யூட்டர் காவலில் பழக்கும் "காலேஜ் சைபர் டிஃபெண்டர்ஸ்" திட்டத்தை நடத்தினார். ஏடல்மன் வகுப்பில் தமக்குக் கிடைத்த இடத்தை அங்கே அவர் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.