பாதரசத்துக்குப் பயந்து கீரையை விடுகிறவர்களுக்கு

தட்டில் தொடங்கும் பயம்

வடசென்னை அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தைத் தூர்த்தது ஊரறிந்த விஷயம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அதை விசாரித்து 2022-ல் சீரமைக்க உத்தரவிட்டது. அந்தச் சாம்பலில் பாதரசமும் உண்டு என்று கேள்விப்பட்டதும் பழவேற்காட்டுக் குப்பங்களில் பலர் முதலில் கைவைப்பது சாப்பாட்டில்தான். பொன்னேரிப் பக்கத்துக் கீரை வேண்டாம், பிள்ளைத்தாய்ச்சிக்கு மீனே வேண்டாம், உடம்பில் சேர்ந்ததை வெளியேற்ற ஒரு சூரணம் போதும் என்று முடிவெடுக்கிறார்கள். இந்த மூன்றில் ஆபத்து அதிகம் சூரணத்தில்தான். அதைப் பற்றித்தான் மருத்துவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை.

மண்ணில் இருப்பதெல்லாம் காய்க்கு ஏறுவதில்லை

நிலக்கரி எரியும்போது அதிலுள்ள பாதரசத்தில் பெரும்பகுதி ஆவியாகிறது. அதில் ஒரு பங்கு சாம்பலில் ஒட்டிக்கொள்கிறது, மீதி புகைபோக்கி வழியே காற்றில் போய்விடுகிறது. மண்ணில் விழுந்த பாதரசம் மட்கோடும் கந்தகத்தோடும் இறுகப் பிணைந்துகொள்ளும். வேர் உறிஞ்சுவது சொற்பம், அதிலும் பெரும்பங்கு வேரிலேயே தங்கிவிடும். ஆகவே கத்திரி, வெண்டை, பூசணி போன்ற காய்களில் மிகக் குறைவாகவே இருக்கும். கீரையில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் காற்றிலிருந்தும் இலைமேல் படிந்த தூசியிலிருந்தும் வருவது. தூசியை ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால் போக்கிவிடலாம். உப்பிலோ மஞ்சளிலோ ஊறவைத்தால் இலைக்குள் இருக்கும் உலோகம் வெளியே வராது. வேகவைத்தாலும் அழியாது.

அப்படியானால் சீனாவில் அரிசியில் பாதரசம் வந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குய்சோ மாகாணத்து வான்ஷான் பகுதியில் மக்கள் உடலில் மெத்தில் பாதரசம் சேர முக்கிய வழி அரிசிதான். அது நெடுங்காலம் பாதரசச் சுரங்கம் நடந்த மண். தண்ணீர் தேங்கிய வயலின் சேற்றில் நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மேட்டுக் கொல்லைக் கீரைப்பாத்தியில் இது நடப்பது அரிது. சாம்பல் நீர் பாயும் நெல்வயலைச் சோதிக்க வேண்டும் என்று இதை வைத்துக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். முருங்கைக்கீரையை ஒதுக்குவதற்கு இது காரணமாகாது. 1971-ல் ஈராக்கில் நடந்த பெருந்துயரும் மண்ணால் வந்ததல்ல. பாதரசப் பூஞ்சைக்கொல்லி பூசிய விதைக் கோதுமையை ரொட்டியாக்கிச் சாப்பிட்டதால் 6,000-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள், நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

எந்த மீன், எவ்வளவு பெரிய மீன்

மெத்தில் பாதரசம் உடலுக்குள் வரும் பெரிய வழி மீன் என்பது உண்மை. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் கண்டறியப்பட்ட நோய் அதைக் காட்டிவிட்டது. ஆனால் சின்ன மீனைத் தின்று வளரும் பெரிய மீனில்தான் அது திரளும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் சுறாவைத் தவிர்க்கட்டும், பெரிய சூரை, பெரிய வஞ்சிரத்தைக் குறைக்கட்டும். மத்தி, நெத்திலி, மடவை, இறால் தாராளமாகச் சாப்பிடலாம். மீனையே நிறுத்தினால் கருவிலிருக்கும் பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பும் அயோடினும் குறையும். கழிவில் வளர்ந்த மீன் நல்லதா என்ற சந்தேகமும் சரியே. சாம்பல் நீர் விழும் இடத்தில் பிடித்த நண்டும் மட்டியும் வேண்டாம், அங்கே பாதரசம் ஒன்று மட்டுமா இருக்கிறது? மற்றபடி மீனையும் மண்ணையும் முறையாகச் சோதித்து முடிவைத் தமிழில் ஊருக்குச் சொல்வது அரசின் வேலை. அதை மீனவப் பெண்ணின் அடுப்படிமேல் சுமத்தக் கூடாது.

சூரணமும் சிவப்பழகு கிரீமும்

கொத்தமல்லிச் சாறு குடித்தால் பாதரசம் இறங்கும், விளக்கெண்ணெய் குடித்துப் பேதியானால் வெளியேறும் என்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. கொத்தமல்லியால் கெடுதலாவது இல்லை. ஆனால் லேபிள் இல்லாத பொட்டலச் சூரணத்திலும் செந்தூரத்திலும் பாதரசமே இருக்கலாம். கீரையைத் தள்ளிவிட்டு அதை விழுங்குவதை என்னவென்று சொல்வது! சித்த மருத்துவத்தில் சுத்தி செய்த ரசம் (பாதரசம்) உண்டே என்பார்கள். பதிவுபெற்ற சித்த மருத்துவர் அளவு சொல்லிக் கண்காணித்துக் கொடுப்பது வேறு, பெட்டிக்கடையில் யாரோ மடித்துத் தந்ததை மாதக்கணக்கில் தின்பது வேறு.

பாதரசம் வரும் இன்னொரு வழியான சிவப்பழகு கிரீம் இன்னும் மோசம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் கெட்டு வந்தவர்களை விசாரித்தபோது பலர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. அவற்றில் பாதரசம் அளவுமீறி இருந்தது. தோல் வழியாகவே அது உள்ளே போகும். பூசிய கையோடு தூக்கிய பிள்ளைக்கும், தலையணையைப் பகிர்கிறவருக்கும் போகும். தயாரிப்பாளர் பெயரோ உரிம எண்ணோ இல்லாத டப்பாவைத் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள். ஒரே வாரத்தில் வெளுக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

உடம்பில் பாதரசம் உண்டா என்று பார்க்கும் சோதனை என்றால் ரத்தம், சிறுநீர், சிலருக்குத் தலைமுடி; மருத்துவர் சொன்னால் மட்டும்.

முகமும் காலும் வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், கை நடுங்கினால், வாயைச் சுற்றி மரத்தால் நாட்டு மருந்தில் இன்னொரு மாதம் கடத்தாதீர்கள். சிறுநீரகம் முற்றிலும் பழுதாகும் முன் அந்தக் கிரீமை நிறுத்தியவர்களில் பலர் தேறியிருக்கிறார்கள். பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் அந்த டப்பாவையும் பொட்டலத்தையும் கையோடு கொண்டு போங்கள். யாரும் திட்டமாட்டார்கள். மறைத்தால்தான் வைத்தியம் தாமதமாகிறது.